அம்மா நலம் என்பதற்கான விளக்கம்

அன்பும் மரியாதையும் மிக்க ரெஜினா பெரியம்மாவுக்கு,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அபிகேல் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்பதில் அம்மாவும் சேர்த்தி. அதை விளக்கத்தான் இக்கடிதம். தொலைபேசியில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே அழத் தொடங்கிவிடுகிறீர்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வருகிறீர்களாம். பெரியம்மா, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. விரல் நுனிகள் இன்னும் மரத்துப்போகின்றன, மதியத்தில் அசதி வருகிறது. மற்றபடி வேலைக்குப் போகிறார், என்னைத் திட்டுகிறார். ஊர்தான் நம்ப மறுக்கிறது. மின்தூக்கியில் அம்மா நுழைந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், புதிதாக முளைத்த முடி சுருட்டையாக இருப்பதால் அதை விக் என்று நினைத்து ஒருவர் மெதுவாக இழுத்தே பார்த்தார், தேக்கா சந்தையில் எங்கள் தேவாலயத்து ஆன்ட்டி ஒருவர் அம்மா கையிலிருந்த மீன் பையைப் பறித்துக்கொண்டு நடக்க, அம்மா ஓடிப்போய்ப் பிடித்தார். “மேரி, நீ ஓடக்கூடாது லா” என்று ஆன்ட்டிதான் மூச்சு வாங்கினார்.

தேவாலயப் பாடற்குழுவில் எல்லாரும் நிற்க, அம்மாவுக்கு மட்டும் மெத்தை போட்ட நாற்காலி. அவர் தனியாகப் பாடிய பாடல்களை இப்போது வேறொருவர் பாடுகிறார். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. “உட்கார வச்சே என்னைச் சாகடிச்சிடுவாங்க” என்றார்.

போன ஞாயிறு திருப்பலியில் லியோனல் அங்கிள் நோயாளிகளின் பெயர்களை வாசித்தார். எல்லா வாரமும் போல அம்மா பெயர்தான் முதலில். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்ல எல்லாரும் வாயெடுத்தபோது, அம்மா எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“கேட்டுட்டாரு, லியோனல். போன வருஷமே கேட்டுட்டாரு. அடுத்த பேரை வாசிங்க.”

முதலில் சிரித்தது பாதிரியார். பிறகு தேவாலயமே சிரித்தது. நற்கருணைப் பாடலை அம்மா நின்றுகொண்டு தனியாகப் பாடினார். நடுவில் ஓரிடத்தில் மூச்சுக்காக நிறுத்தினார். ஒருவரும் நாற்காலியை அவர் பக்கம் தள்ளவில்லை. அவரே மூச்சை இழுத்துவிட்டுப் பாடி முடித்தார். நான் அழவில்லை, அப்பா அழுதார்.

ஆகவே நீங்கள் தாதியாக வர வேண்டாம், விருந்தாளியாக வாருங்கள். உங்களை ஒரு வேலையும் செய்ய விடமாட்டோம். பெரியப்பாவுக்கு என் வணக்கம். இறைவன் உங்கள் இருவர் முழங்கால்களையும் காப்பாராக.

பணிவன்புடன்,
அபிகேல்

பி.கு.: அம்மா இதை வாசித்துவிட்டார். “அக்கா வந்து சும்மா உட்காரவா போறாங்க? நான் இன்னும் ரொம்ப வீக்னு எழுது. நண்டுக் குழம்பு வச்சுக் கொடுத்தாதான் தேறுவேன்னு எழுது” என்கிறார். எனவே மேலே கண்ட அனைத்தையும் தள்ளிவிடவும். அம்மா மிகவும் பலவீனமாக இருக்கிறார். விரைந்து வரவும்.