மந்திரித்த மயோனைஸ்

இந்த ஈஸ்டருக்கு, என் மனைவி செய்யும் காய்கறிச் சாலடில் ஒரே ஒரு கரண்டி பச்சை மூடி மயோனைஸையாவது கலந்தே தீருவது என்று முடிவு செய்தேன். நார்வேப் பனியில் பத்து வருடம் வேலை பார்த்துத் திரும்பியவன் நான். வீட்டுக் குளிர்பெட்டிக்குப் பயப்படலாமா?

போலந்தில் மயோனைஸுக்கு, பாட்டில் மூடியின் நிறப்படி இரண்டு கட்சி. பச்சை மூடி தயாராவது நான் பிறந்த ஊரில். என் மனைவி கிராஷினாவோ சிவப்பு மூடி வம்சம். பெண் கேட்கப் போனபோது மாமனார் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, மூடியின் நிறத்தைக் கேட்டார். சிவப்பு என்று பொய் சொன்னேன். இருபது வருடமாகத் தண்டனை.

நான் வாங்கிவரும் பச்சை மூடி மறுநாளே குப்பைக்குப் போய்விடும். ஆனால் மந்திரித்த உணவைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. எங்கள் ஊரில் யாருக்கும் வராது. ஈஸ்டருக்கு முந்தின நாள், புனித சனியன்று, மந்திரிக்க வேண்டிய உணவுக் கூடையைக் கோயிலுக்குத் தூக்குவது நான்தானே? முட்டை, ரொட்டி, உப்பு, தொத்திறைச்சி. எல்லாவற்றுக்கும் அடியில், கடையில் இருந்ததிலேயே பெரிய பச்சை மூடிப் பாட்டில்.

கோயிலில் பக்கத்து வீட்டு ஸ்பிஷெக் கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"யோவ், இதையெல்லாமா மந்திரிப்பாங்க?"

"வாயை மூடு. சாமியார் வர்றார்."

"அவரே சிவப்பு மூடிய்யா!"

இருந்தும் தீர்த்தம் தெளித்தார். என் காலரிலும் இரண்டு சொட்டு.

ஞாயிறு காலை கிராஷினா கூடையைப் பிரித்தாள்.

"லெஷெக், என்ன இது?"

"மந்திரிச்சது. தூக்கிப் போட்டா பாவம்."

"சேச்சே, போடுவேனா?"

"அப்போ சாலட்ல ஒரு கரண்டி..."

"சாலட் நேத்தே கலந்தாச்சு. ஒரு கிண்ணத்துல ரெண்டு கட்சியா? நீ கொண்டுபோனது, நீயே முடி. துளி மிச்சம் வைக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"முழு பாட்டிலுமா?"

"சின்னதா வாங்கியிருக்கலாம்ல?" என்று நிஜமான கவலையோடு பெரிய கரண்டி ஒன்றை நீட்டினாள்.

முட்டையில் தடவினேன். ரொட்டியில் தடவினேன். திங்கள் தொத்திறைச்சி, செவ்வாய் உருளைக்கிழங்கு. புதன்கிழமை எதில் தடவுவதென்று தெரியாமல், மருந்து மாதிரி கண்ணை மூடி விழுங்கினேன்.

வியாழன் காலை கிராஷினாவுக்கே இரக்கம் வந்துவிட்டது. அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். யோசித்தாள்.

"பரவாயில்லையே! இதுக்கா இத்தனை வருஷம் சண்டை? இனிமே இதையே வாங்கிடு."

நானோ என் ரொட்டியில் சிவப்பு மூடியைத் தடவிக்கொண்டிருந்தேன்.