மூன்றாவது சிப்பின் தலையில் சந்தனம்

ஒரகடம்,
வெள்ளிக்கிழமை.

வாலாஜாபாத்தில் நலமாகவும் கோபமாகவும் இருக்கும் சித்தி அன்னக்கிளி அவர்களுக்கு, அக்காள் மகள் இசைவாணி வணங்கி எழுதுவது. உடலளவில் நான் சௌக்கியம். தாங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஐந்தே சொற்கள்: “சார், அந்தப் பொட்டை வைத்தவள் நான்.” இத்தனை புத்தகம் படித்தவளுக்கு அந்த ஐந்தும் வாயில் வரவில்லை. இனியும் ‘தாங்கள்’ போட்டால் கடிதமும் பொய்யாகிவிடும். வழக்கம்போல ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

நம் கம்பெனி ஓய்வறையில் மேனேஜர் ஏலத்தில் எடுத்து நிறுத்திய பழைய வீடியோ கேம் பெட்டி உனக்குத் தெரியும். தினமும் தூசு தட்டியவள் நீதானே. நாற்பது வருஷப் பழசு. சுவிட்சைப் போட்டால் விண்கலம் வரவேண்டிய திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை வரும். சூப்பர்வைசர் டில்லிபாபு சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, இத்த ஓட வெச்சிடு. உன்ன லைன்லேருந்து ரிப்பேர் செக்‌ஷனுக்கு மாத்த நானே எழுதித் தரேன்” என்றார். டிப்ளமா முடித்துவிட்டு மூன்று வருஷமாக ஒரே திருகை முடுக்குகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் பலகையைக் கழற்றினேன். ஆட்டம் தன் படத்தை நினைவில் வைத்துக்கொள்வது எட்டு மெமரி சிப்புகளில். காய்ச்சல் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் விரலால் தொட்டேன். கெட்டது சுடும் என்று படித்திருந்தேன், எட்டுமே சுட்டன. பிறகு, ஏலத்தில் கூடவே வந்த செத்த பலகையிலிருந்து நல்ல சிப் ஒன்றை எடுத்து, எட்டின் முதுகிலும் மாற்றி மாற்றி உப்புமூட்டை ஏற்றி, காலோடு கால் படும்படி அழுத்திப் பார்த்தேன். மூன்றாவதன்மேல் ஏற்றியதும் குப்பை விலகி விண்கலம் எட்டிப் பார்த்தது. கெட்டதை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் சாக்கெட் வைத்து, நல்லதைச் சொருகினேன். ஆட்டம் ஓடியது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து, “இன்னாடி, தரைல கால் படாம போய்கினு கீற?” என்று நீயே கேட்டாய்.

அந்தக் கர்வம் ஆயுத பூஜை வரை இறங்கவில்லை. எல்லாரும் ஸ்பேனரையும் ஸ்க்ரூடிரைவரையும் சாமி முன்னால் வைத்தபோது, நான் அந்தச் சிப்பையே பிடுங்கி வெற்றிலைமேல் வைத்தேன். மெஷின்களுக்கெல்லாம் நீ பொட்டு வைத்துக்கொண்டு போன கிண்ணத்துச் சந்தனத்தைத் தொட்டு அதன் தலையில் பெரிதாக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். கடவுள் உண்டா என்று உன்னிடம் மணிக்கணக்கில் வாதாடுகிறவளும் நானேதான். கற்பூரம் காட்டியதும் திரும்பச் சொருகிவிட்டுப் பொரி வாங்க ஓடிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் முன்னால் சுவிட்சைப் போட்டோம். குப்பை. பழைய குப்பையைவிடத் தரமான குப்பை. டில்லிபாபு சார் பெட்டியைத் திறந்தார், பொட்டைப் பார்த்தார், உன்னைக் கூப்பிட்டார்.

“கிண்ணத்த தூக்கினு கண்டதுக்கெல்லாம் வெச்சிகினு போனியே, சிப்புக்குமா பொட்டு?”

“மெஷினுக்கு வெச்சேன் சார். அந்தப் பூச்சிக்கு நான் இன்னாத்துக்கு வெக்கப் போறேன்?”

“நாளையிலேருந்து நீ இந்தப் பக்கம் வராத. லாரி ஷெட்டக் கூட்டு, போ.”

நீ என்னைப் பார்த்தாய். நான் சிப்பைப் பார்த்தேன். பேட்ஜைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய்.

மூன்று நாள் யோசித்ததில் விஷயம் விளங்கிவிட்டது: சந்தனத்தின் ஈரம் சிப்பின் கால்களுக்கு நடுவே இறங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது. குற்றவாளி என் பொட்டு. கண்டுபிடிக்க அறிவு இருந்தது சித்தி, சொல்லத் தைரியம்தான் ஸ்டாக் இல்லை. நாளைக் காலை சொல்லிவிடுகிறேன். ரிப்பேர் செக்‌ஷன் போனால் போகட்டும்.

சித்தப்பா முனிரத்தினத்துக்கு என் வணக்கம். உன்னிடம் நேரில் திட்டு வாங்கக் காத்திருக்கும்,
இசைவாணி

பி.கு.: சனிக்கிழமை. சொல்லிவிட்டேன். டில்லிபாபு சார் சிப்பைப் பிடுங்கிப் பொட்டை நகத்தால் சுரண்டினார். சந்தனம் கால் பக்கம் இறங்கவே இல்லை. வைத்த இடத்திலேயே காய்ந்திருந்தது. அதற்கு அடியில், சிப்புக்கு எது தலைப்பக்கம் என்று காட்டும் சின்ன வெட்டு. பொட்டு அதை மறைத்திருக்கிறது. நான் பார்க்காமல் தலைகீழாகச் சொருகியிருக்கிறேன். “ஏம்மா, தல எது வால் எதுன்னு பாக்காம சொருகிட்டு, சந்தனத்து மேல கேஸ் போடறியா நீ?” என்றார். சிப் கருகிவிட்டது. செத்த பலகையிலிருந்து இன்னொன்றை எடுத்து அவரே மாட்டினார். ஆட்டம் ஓடுகிறது. உன் பேட்ஜை செக்யூரிட்டியிடம் கொடுத்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பழைய ப்ளாக்குக்கே வரலாம். நான் லைனிலேயே, அதே திருகோடு இருக்கிறேன்.