டிபன் பாக்ஸில் ஒரு துண்டு கரி

கர்ப்பிணி மனைவி ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கித் தருகிற கணவனை ஊர் மெச்சும். அப்படி மெச்சப்பட ஆசைப்பட்டுத்தான் நான் திருட்டுப் பட்டம் வாங்கினேன். அதுவும் நிலக்கரித் திருட்டு. (தங்கம், வைரம் என்றாலாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.)

அப்போது நெய்வேலியில் மைன்ஸ் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. நகரியத்தை ஒட்டி வாடகை வீடு. மனைவி செல்விக்கு ஏழாவது மாதம். ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசலில் ஷூவைக் கழற்றி உதறுவேன். ஒருநாள், உதறிய கரித்தூளை அவள் விரலால் தொட்டு நாக்கில் வைப்பதைப் பார்த்தேன். மழை பெய்த மண் மாதிரி மணக்கிறதாம். துண்டாகக் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றாள்.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் டிபன் பாக்ஸைத்தான் தேடினேன். வயிற்றுப்பிள்ளைக்காரியின் ஆசையைத் தீர்க்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று என் அம்மா சேத்தியாத்தோப்பிலிருந்து போன் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாள். புளி மாங்காய் ஆயிற்று, பலாச்சுளை ஆயிற்று. அடுத்தது கரி. எலுமிச்சம்பழ அளவில் ஒரு துண்டை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்து தருவேன். அவள் கற்கண்டு மாதிரி கடித்துத் தின்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் கேட்டில் பாக்ஸைத் திறக்கச் சொன்னார்கள்.

"இன்னாப்பா இது?" என்றார் செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர்.

"பொண்டாட்டி சாப்புடறதுக்கு சார்."

பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்து, என் நுழைவு பாஸைப் பிடுங்கிக்கொண்டு கேட் ஆபீசில் உட்கார வைத்துவிட்டார். கரித்துண்டு சாட்சிப் பொருளாக ஒரு பேப்பர்மேல் ஏறியது. ஓடி வந்த காண்ட்ராக்டர், திருட்டுக் கேஸ் என்று எழுதிவிட்டால் பாஸ் போய்விடும், பிறகு எந்த வேலைக்கும் உள்ளே நுழைய முடியாது என்றார். பிள்ளை பிறக்கப்போகிற நேரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மனைவியைக் கேட்டுப்பாருங்கள் என்று கெஞ்சினேன்.

செல்வி ஆட்டோவில் வந்தாள். ஆபீசுக்கு இரண்டே படி. ஏறி வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. பயத்தில் என்று நினைத்தேன்.

"சொல்லும்மா, இது யாருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குத்தாங்க" என்றவள், மேசைமேல் இருந்த கரியை எடுத்து நறுக்கென்று கடித்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை, அவளைத் தவிர. நாங்கள் சுதாரிப்பதற்குள் சாட்சிப் பொருள் முழுவதும் உள்ளே போய்விட்டது. பேப்பரில் கொஞ்சம் தூள்தான் மிச்சம். (அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.)

இன்ஸ்பெக்டர் பாஸை என் கையில் திணித்தார். "கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெண்டு படி ஏறதுக்கே இப்புடி மூச்சு வாங்குது. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

டாக்டரம்மா கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. ரத்தச்சோகை முற்றினால் சிலருக்கு மண், சாம்பல், கரி என்று வாய் தேடுமாம். இப்படியே பிரசவ வலி வந்திருந்தால் தாயைக் காப்பாற்றுவதே கஷ்டம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கரியெல்லாம் தேடிப்புடிச்சிக் குடுத்திருக்கீங்க. சத்து மாத்திரை குடுத்தாங்களே, அத முழுங்கினாங்களான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. குமட்டுகிறது என்று செல்வி அவற்றை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். தினமும் டிபன் பாக்ஸை எடுக்க நான் கை நுழைத்த அதே அலமாரி.

நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றினார்கள். பிறகு குமட்டாத வேறு மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் அவளுக்குக் கரி வாசனையே பிடிக்காமல் போயிற்று. ஷூவை வாசலுக்கு வெளியே கழற்றச் சொல்லிவிட்டாள். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

இன்றும் அதே கேட்தான். செக்யூரிட்டிகள் மாறினாலும் கதையைப் புதியவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறார்கள். என் டிபன் பாக்ஸை யாரும் திறப்பதில்லை. "சீக்கிரம் போப்பா, வூட்ல பசியோட இருப்பாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டில்தான் சோதனை. மகள் பாக்ஸைத் திறந்து, இன்றைக்கும் அம்மாவுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லையா என்று உதட்டைப் பிதுக்குவாள்.

செல்வி இப்போது இரண்டாவது முறை மாசமாக இருக்கிறாள். வீட்டுக்குள் நுழையும்போதே மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிடுவேன்.

"மொதல்ல நீங்க பாக்ஸத் தொறந்து காட்டுங்க" என்பாள்.