வானத்தில் ஒரு கம்பீரப் பரீட்சை

இடுப்பு வலி உள்ளவன் ஆகாயத்துக்கு லாயக்கில்லாதவன் என்ற மாபெரும் உண்மையை மனித குலத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் எங்கள் விமானப் பரீட்சை அதிகாரி. எனக்கு இடுப்பு வலி உண்டு. சரக்குக் கூடத்தில் அண்ணனோடு சேர்ந்து மூட்டை இறக்கிச் சம்பாதித்த வலி. குனிந்து விமானத்துக்குள் நுழையும்போது ‘ஸ்ஸ்’ என்றேன். பரீட்சை அப்போதே தொடங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியாது.

மற்ற இடங்களில் பரீட்சை அதிகாரிகள் அற்ப விஷயங்களைப் பார்க்கிறார்களாம். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று இவன் சோதிக்கிறானா, இஞ்சின் நின்றால் எங்கே இறக்குவான், நிலைமை கெட்டால் விட்டுத் திரும்பத் தெரியுமா, இப்படி. எங்கள் அதிகாரி இந்தக் கீழ்ப்படிகளையெல்லாம் தாண்டியவர். அவர் பார்ப்பது ‘கம்பீரம்’ ஒன்றைத்தான்.

“ஓட்டறது யாரு வேணா ஓட்டலாம்பா. பைலட் மாதிரி இருக்கணும். அதுதான் கஷ்டம்,” என்பார்.

அதற்கு எனக்கு முன்னால் பரீட்சைக்குப் போனவனே சாட்சி. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுக்க மறந்துவிட்டு, இஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினான். விமானம் உறுமியது, நகரவில்லை. அவனும் நகரவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு தூரத்து அடிவானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மெக்கானிக் ஓடிப்போய்க் கட்டையைப் பிடுங்கினான்.

“பார்த்தியா, பதறினானா?” என்று பூரித்துப்போனார் அதிகாரி. அவன் பாஸ்.

நான் இரண்டு முறை தோற்றவன். முதல் முறை ஷூவில் பளபளப்பு போதவில்லை. இரண்டாம் முறை குரலில் “ஒரு இது” இல்லை. மூன்றாவதும் போனால் பயிற்சிப் பள்ளியில் என் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் மூட்டைதான். அண்ணன் அன்று காலையில் என் ஷூவைத் தன் பனியனால் துடைத்துக் கொடுத்துவிட்டு, “இந்தப் பக்கமே திரும்பி வந்துராதடா,” என்றுதான் வழியனுப்பினான்.

மேலே ஏறினோம். திருப்பச் சொன்னார், திருப்பினேன். இறங்கச் சொன்னார், இறங்கினேன். அதையெல்லாம் அவர் பார்க்கவே இல்லை. முடி கலையுமென்று ஹெட்போனைக்கூடக் காதோரமாய்த்தான் தொங்கவிட்டிருந்தார்.

பிறகு, இஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் பிடியை, த்ராட்டில் என்போமே, அதைப் பின்னுக்கு இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். “இஞ்சின் போச்சு. இப்ப என்ன செய்வே?”

இது வழக்கமான சோதனைதான். மாணவன் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து இறங்குவதுபோல் சறுக்கிக்கொண்டு வர வேண்டும். இவன் ஒழுங்காகப் போய்ச் சேருவான் என்று தெரிந்ததும் அதிகாரி “போதும், ஏறு,” என்பார். அந்த ‘ஏறு’ அதிகாரியின் வாயிலிருந்து வர வேண்டும்.

நான் ஒரு சோளக்காட்டைப் பார்த்து இறக்கிக்கொண்டு வந்தேன். அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஏன் கூன் போடறே?”

“இடுப்பு வலி சார். சார், ரொம்பத் தாழ இறங்கிட்டோம். ஏறலாமா?”

“குறுக்கே பேசாதே. பயணி உன் முதுகைப் பார்த்துத்தான் தைரியமாவான். என் முதுகைப் பாரு.”

“சார், கரண்டுக் கம்பி சார்!”

“கத்தாதே. அதையே அடிக்குரல்ல சொல்லிப் பழகு. ‘கம்பி தெரிகிறது.’ எங்கே, சொல்லு?”

சோளக் கதிர்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு கதிரில் உட்கார்ந்திருந்த கிளி எங்களை நம்பாமல் பார்த்தது. த்ராட்டில் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவர் கை மேல் ஓங்கி ஒன்று வைத்தேன். மூட்டை தூக்கிய கை. அவர் கை தெறித்தது. பிடியை முன்னுக்குத் தள்ளினேன். கம்பி எங்கள் வயிற்றுக்கடியில் போயிற்று. அதன் பிறகு தரையைத் தொடும்வரை அதிகாரி மிகுந்த கம்பீரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் சக்கரத்திலிருந்து ஒரு கொத்துச் சோளத்தட்டையை உருவினான். “ஏங்க, பறந்துட்டு வர்றீங்களா, அறுத்துட்டு வர்றீங்களா?”

அதிகாரி தலையைச் சீவி முடித்துத் தீர்ப்பு சொன்னார். “உனக்கு ஓட்ட வருது. இல்லேங்கலை. ஆனா அதிகாரி மேலயே கை வைக்கிறவன் நாளைக்கு எதுக்குத்தான் துணிய மாட்டான்? ஃபெயில்.”

“சார், கை வைக்கலேன்னா நாம செத்திருப்போம்.”

“இருக்கலாம். மரியாதையா செத்திருப்போம்.”

இப்போது நான் சரக்குக் கூடத்தில் இருக்கிறேன். திரும்பிப் போன அன்றே அண்ணன் மூட்டையின் கனத்த முனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கட்டையை எடுக்க மறந்தவன் பெரிய விமானம் ஓட்டுகிறான். நீங்கள்கூட அதில் போயிருக்கலாம். அறிவிப்பில் கேட்கும் குரல் அருமையாக இருக்கும்.

அதிகாரிக்குச் சேவைப் பாராட்டு விழா எடுத்தார்கள். மனைவி பக்கத்தில் நிற்க, பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மாலையை வாங்கினார். நிமிர்ந்த முதுகு. மேடைக்கு நாற்காலி சுமந்து போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் கிட்டத்தில் பார்த்தேன்.

அவர் எனக்கு லைசென்ஸ் தர வேண்டாம். ஆனால் எனக்கு ஓர் உயிர் பாக்கி வைத்திருக்கிறார். அவருடையது.