தீவனத்தாரின் மக்கரோன் சீர்

நாமக்கல் மாவட்டத்திலேயே மனிதர்களை மனிதர்களாகப் பார்க்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் தெரு தீவனத்தார்தான். அவர் கண்ணுக்கு நாம் எல்லோரும் கோழிகள். முட்டையிடுகிற கோழி, சும்மா தின்றுவிட்டுத் திரிகிற கோழி என்று இரண்டே வகை. நான் எந்த வகை என்பதை, குடிவந்த அன்றே என் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

கோழிப்பண்ணையோடு கோழித்தீவன மில்லும் வைத்திருந்ததால் அவர் தீவனத்தார். சொந்தப் பெயர் என்று ஒன்று அவருடைய கல்யாணப் பத்திரிகையில் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. காலையில் பால் வாங்கப் போனால் வழிமறிப்பார். "ஏனுங்க சார், நடை ஒரு பக்கமாச் சாயுதுங்களே, கால்சியம் பத்தலீங்க!" என் மனைவிக்கு முடி கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு வாசலில் நின்றே குரல் கொடுத்தார். "எறகு உதிருதுங்களா அம்மிணி? புரோட்டீன ஏத்துங்க!" ஒருமுறை எனக்குக் காய்ச்சல். பார்க்க வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: "தீனி எடுக்கறாருங்களா? தண்ணி? எச்சம் எப்படீங்க?" மானம் போயிற்று.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு ஜீவனை மட்டும் கோழியாகப் பார்த்ததில்லை. அது அவருடைய அக்கா மகள் காவ்யா. பிள்ளையில்லாத அவருக்கும் அவர் மனைவி சரசக்காவுக்கும் அந்தப் பெண்தான் எல்லாம். கோயமுத்தூரில் வேலை பார்த்தவளுக்குச் சென்ற ஆண்டு கல்யாணம் நிச்சயமானது. நிச்சயத்தன்று, பந்து ஜனம் எல்லாம் உட்கார்ந்திருக்க, தீவனத்தார் எழுந்து நின்று கேட்டார்: "மாமன் சீர்ல என்ன வேணும் சாமி? வாய் தொறந்து கேளு!"

எல்லோரும் நகையை எதிர்பார்த்தார்கள். அவளோ செல்போனை நீட்டினாள். "இது வேணும் மாமா. கடையில வாங்கக்கூடாது. நீங்களே செய்யோணும்."

படத்தில் இருந்தது பிரெஞ்சு மக்கரோன். தூத்துக்குடி மக்ரூனை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது வேறு. பாதாம் மாவும் சர்க்கரையும் அடித்த வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுட்ட இரண்டு சின்ன வட்டங்கள், நடுவே பழக்கூழ். மேலே மொறுமொறு, உள்ளே மெத்தென்று இருக்கும். உலகத்தில் எத்தனையோ பலகாரம் இருக்க, அந்தப் பெண் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். தீவனத்தாருக்கு விளையாட்டு தெரியாது. "மாமன் கையால செஞ்சு, தட்டு நெறையாக் கொண்டாரேன்!" என்று சபையில் சொல்லிவிட்டார். சொன்ன சொல் சொன்னதுதான். தட்டு போகாவிட்டால் அவர் தலை நிமிர்ந்து அந்த மண்டபத்துக்குள் போக முடியாது.

முதல் நாளே மில்லில் பாதாமைக் கொட்டினார். லாரி லாரியாக மக்காச்சோளம் தின்கிற இயந்திரம் அது. ஒரு பை பாதாம் உள்ளே போனது, வெளியே ஒன்றும் வரவில்லை. "மிசினு ருசி கண்டுக்கிச்சுங்க" என்றார். அப்புறம் சரசக்காவின் மிக்ஸிக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த தகராறு முட்டையில். வெள்ளைக்கருவை முந்தின நாளே பிரித்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னது செல்போன். மனிதருக்கு வந்ததே கோபம்! "நாமக்கல்லுல இருந்துக்கிட்டு பழைய முட்டைங்களா சார்? கேக்கறவன் காறித் துப்ப மாட்டானுங்களா?" என்று கத்தினார். பண்ணைக்குப் போய்ச் சூடு ஆறாத முட்டையாகப் பொறுக்கி வந்து அடித்தார். தட்டில் ஊற்றிய வட்டங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கைகோத்து ஒரே ஆப்பமாக வெந்தன. அவர் வெள்ளைக்கருவோடு மல்லுக்கட்டிய நாளெல்லாம் மஞ்சள்கரு எங்களுக்கு. தெருவில் எல்லா வீட்டிலும் மஞ்சள்கருப் பொடிமாஸ், மஞ்சள்கருக் குழம்பு, மஞ்சள்கரு வறுவல். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்ற நிலைமை வந்துவிட்டது.

ஒருவழியாக வட்டம் வட்டமாக நின்றது. ஆனால் அடுப்பில் மேல்பக்கம் பாளம் பாளமாக வெடித்தது. வேறு யாராக இருந்தாலும் சூட்டைக் குறைப்பார்கள். தீவனத்தார் வெடிப்பைத் தடவிப் பார்த்து, முப்பது வருடத் தொழில் அனுபவத்தோடு தீர்ப்புச் சொன்னார்: "ஓடு வெடிக்குதுங்க. கால்சியம் பத்தலீங்க."

மறுநாள் ருசி பார்க்க என்னைக் கூப்பிட்டார். கடித்தேன். சிலேட்டுக் குச்சியைக் கடித்த மாதிரி இருந்தது. அதே நேரம் உள்ளேயிருந்து சரசக்காவின் குரல்: "ஏனுங்க, எம்பட முழங்கால் மாத்தரை டப்பா எங்கீங்க?" தீவனத்தார் கூரையைப் பார்த்தார். நான் மென்றதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"ஏஞ்சார், கடையில சொல்லி வாங்கிரலாமுங்களா?" என்று ஒருநாள் அவரே சோர்ந்துபோய்க் கேட்டார். நான் பதில் சொல்லும் முன்னால் அவரே தலையாட்டினார். "வேண்டாமுங்க. புள்ள என்னையத்தான கேட்டுச்சு." அன்றைக்கு எனக்கு அவரைக் கேலி செய்ய மனசு வரவில்லை.

வைகாசி பிறந்ததும் கோடைமழை பிடித்துக்கொண்டது. மக்கரோனைச் சுடும் முன் மேலே ஏடு கட்டும்படி காயவிட வேண்டும். ஈரக்காற்றில் அது காய்வேனா என்றது. தீவனத்தார் யோசித்தார். கொட்டகையில் குஞ்சுகளுக்குச் சூடு காட்ட என்று வாங்கிய புது பல்புகளை எடுத்துவந்து கூடத்தில் தாழத் தொங்கவிட்டார். கீழே வரிசையாக மக்கரோன் தட்டுகள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"என்னங்க கேக்கறீங்க?" என்றேன்.

"பழக்கமுங்க சார். சூடு பத்தலீன்னா குஞ்சு கத்தும்."

மக்கரோன் கத்தவில்லை. அடுப்பிலிருந்து எடுத்தபோது வழவழவென்று, கீறல் இல்லாமல், அடியில் நுரை விளிம்பு கட்டி வந்திருந்தது. தெருவுக்கே கேட்க விசில் அடித்தார். சேலத்து மாம்பழம், கொல்லிமலை அன்னாசி, கொய்யா மூன்றையும் சரசக்கா தனித்தனியாகச் சுண்டக் கிளறித் தந்தார். பால் கவரின் மூலையைக் கத்தரித்து, தீவனத்தார் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பழக்கூழ் வைத்தார். நான் ஒன்று சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மக்கரோன் உடையாமல் போக வேண்டுமே! முட்டைக்காரருக்கு அதில் என்ன சந்தேகம்? புத்தம்புது முட்டை அட்டைகளில், குழிக்கு ஒன்றாக அடுக்கி, காரின் பின்சீட்டில் ஏற்றினார். சரசக்கா முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விட்டார்; நான் முன்சீட்டில் ஒண்டிக்கொண்டேன். ஒரு குலுங்கல் இல்லை, ஒரு சேதம் இல்லை. மண்டப வாசலில் பித்தளைத் தாம்பாளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது அருமைக்காரர் வந்தார். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்களை முன்னின்று நடத்தும் பெரியவர் அவர்.

"ஏனுங்க தம்பி, முட்டை அட்டையில என்னங்க பலகாரம்?"

"மக்கரோனுங்க. பழம் வெச்சதுங்க."

"முட்டை கிட்டை கலந்திருக்குதுங்களா?"

வேறு எவனாக இருந்தாலும் மழுப்பியிருப்பான். தீவனத்தார் நெஞ்சை நிமிர்த்தினார். "பின்னீங்க? வெள்ளைக்கரு மட்டும்தானுங்க. சுத்தபத்தமாச் செஞ்சதுங்க!"

"அப்பச் செரிப்படாதுங்க. சீர்த்தட்டு புள்ளையாரு முன்னால போறதுங்க. அசைவம் ஆகாதுங்க."

"அசைவமுங்களா?" தீவனத்தார் நிஜமாகவே திகைத்துப்போனார். "முட்டைங்களா? முட்டை எங்களுக்கு வெள்ளாமைங்க!"

பெரியவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தட்டை வெளியே வைத்துவிட்டு மாமன் மட்டும் உள்ளே வரச் சொன்னார். தீவனத்தார் நகரவில்லை. "சபையில சொன்னதுங்க. தட்டு போகாம நான் எப்படீங்க போறது?" தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு காரின் பக்கத்தில் நின்றார். உள்ளே மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டினால்தான் மேற்கொண்டு காரியம் நடக்கும். "மாமன் எங்கீங்க? மாமனக் கூப்புடுங்க!" என்று குரல் மேல் குரல். சரசக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அப்போது காவ்யாவே வந்துவிட்டாள். கூறைப் புடவை தடுக்க, பின்னால் நாலு பெண்கள் பதறி ஓடிவர, படியிறங்கிக் கார் வரை வந்தாள். அருமைக்காரரைப் பார்த்து, "சீர வெளியவே வாங்கிக்கறனுங்க ஐயா, தப்புங்களா?" என்றாள்.

பெரியவர் சற்று யோசித்தார். "வாசலுக்கு அக்கட்ட மாமனுக்கும் புள்ளைக்கும் நடுவுல நடக்கறதுல எனக்கு வேலையில்லீங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தீவனத்தார் தட்டை நீட்டினார். "உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க சாமி..."

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது உள்ள வரலீன்னா என்னுங்க மாமா? நான் வெளிய வந்துட்டனல்ல."

அவ்வளவுதான். அந்த மனிதர் வாய்விட்டு அழுதுவிட்டார். அவள் தட்டைச் சரசக்காவிடம் கொடுத்துவிட்டு, மாமன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மாம்பழக் கறை போகாத விரல்களால் அவர் பட்டம் கட்டினார்.

பந்தி முடிந்ததும் கூட்டம் முழுக்க காரைச் சுற்றித்தான் நின்றது. அருமைக்காரரும் வந்து, பேரனுக்கு என்று சொல்லி இரண்டு கேட்டு வாங்கிப்போனார். தெருமுனையில் அவர் தாடை அசைந்ததைப் பார்த்தேன்.

திரும்பும்போது நான் காரை ஓட்ட, காலி அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு தீவனத்தார் கேட்டார்: "ஏஞ்சார், அன்னாசி கொஞ்சம் புளிப்புங்களோ?"

"இல்லைங்க" என்றேன்.

எனக்குத் தாய்மாமன் கிடையாது. அன்று வரை அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.