கிட்டாருக்குப் படகு பெயின்ட் அடித்த விவகாரம்

இராயபுரம்,
வியாழக்கிழமை.

பெரம்பூரில் இருக்கும் அன்பு மச்சான் டெரிக் அவர்களுக்கு, தங்கள் தங்கை டோரதியின் புருஷன் பாஸ்கல் பணிவோடு எழுதிக்கொள்வது.

மாதாவின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது முறை. எனக்கு அந்த முதல் வரியே பொய்யாகிவிடும். அதனால் தாங்கள் சுகமா, தங்கள் வீட்டுக்கார அம்மா ஜானட் அக்கா சுகமா, அக்காவின் ஆபரேஷன் செய்த முழங்கால் சுகமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் இதென்ன காகிதம் என்று கேட்பீர்கள். எங்கள் வீடு இருக்கிற அளவுக்கு நான் போனை எடுத்து ஹலோ என்றாலே டோரதி அடுப்படியிலிருந்து யாரு என்று கேட்பாள். கேட்பாள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இப்போது அதைக்கூடக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதே இல்லை. தினமும் பெரம்பூர் மார்க்கெட்டுக்கு மீன் கூடை எடுத்துவரும் பவானியிடம் இதை ரகசியமாகக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் வாடை அடித்தால் அது கூடையின் வாடை, என்னுடையது அல்ல.

எல்லாம் ஒரு கிட்டாரால் வந்தது. டோல்கேட் பக்கத்தில் ரகுபதி என்பவர் கப்பல் சாமான் கடை வைத்திருக்கிறார். கப்பல்காரர்கள் கழித்துப்போடும் மெத்தை, கடிகாரம், அண்டா, மிதவை எல்லாம் அங்கே கிடைக்கும். டேபிள் ஃபேன் வாங்கலாம் என்று நான்தான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், டோரதியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மெத்தைகளுக்கு நடுவே ஒரு எலக்ட்ரிக் கிட்டார் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். வாசிக்கிறவரின் முழங்கை உராய்ந்து உராய்ந்து மேல் ஓரத்தில் பெயின்ட் போய் உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்தது. பின்னால் ஜப்பான்காரர்களின் எழுத்து. "அறுவதுகள்ல செஞ்ச மாலு யக்கா, இந்த மாரி மரம் இப்ப எங்க கீது?" என்றார் ரகுபதி. "பாடுமா?" என்று நான் கேட்டேன். "பாட வெக்கிறது உங்க சாமர்த்தியம்" என்றார். டோரதி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தேய்ந்த இடத்தில் கையை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே வாங்கியாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரகுபதிக்கு எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலி மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்தபோது கிட்டார் எங்களுடையதாகவும் நாற்காலி அவருடையதாகவும் ஆகியிருந்தது. ஃபேனும் வரவில்லை. நான் இப்போது வாளியைக் கவிழ்த்துப் போட்டு வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.

டோரதி ரேடியோ கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்து ரிடையர் ஆனவள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கையெல்லாம் எங்கே போகும்? பின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கரப்பான்பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதைக் காலி செய்து, துருவை என் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, விட்டுப்போன வயர்களையெல்லாம் மறுபடி பற்றவைத்து, வெளிச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று குழிக்குள் பளபளவென்று ஒரு தாமிரத் தாளை ஒட்டி, புதுக் கம்பி மாட்டினாள். முதலில் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. காதால் கேட்டு அவளாகவே விரல் பழகி, ஒருநாள் மாதா பாட்டு ஒன்றை வாசித்தாள். பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நானும் பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கேட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

நம் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த பையன் துபாய்க்குப் போய்விட்டதால், திருவிழா இசை நிகழ்ச்சிக்கு ஆள் இல்லாமல் குழுத் தலைவர் ஞானம் அலைந்துகொண்டிருந்தார். டோரதி போய்க் கேட்டாள். "ஞாயித்துக்கெயம ஒத்திகைக்கு கிட்டார எட்த்துனு வாங்கக்கா, சோக்கா இருந்தா நீங்கதான்" என்று அவர் சொல்லிவிட்டார். மச்சான், கல்யாணமான நாளிலிருந்து இவள் அந்தக் குழுவில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றுதான் பாடுகிறாள். தூண் பாடுகிறது என்றுதான் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வருகிற சனிக்கிழமை மேடையில் முன்னால் நிற்கப்போகிறோம் என்று அவளுக்குத் தூக்கமே வரவில்லை. நீலப் புடவைக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ஜானட் அக்காவின் ஆபரேஷனுக்குத் துணையாகத் தங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் கிட்டாரும் தனியாக இருந்தோம். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அங்கே உப்புக் காற்றில் எதில் பெயின்ட் உரிந்தாலும் மறு பெயின்ட் அடித்துவிட்டுத்தான் மறுவேலை. பெயின்ட் உரிந்த பொருளைப் பார்த்தால் என் கை தானாக டப்பாவைத் தேடும். எல்லார் முன்னாலும் மேடை ஏறப்போகிறாள், கையில் இப்படிச் சொறி பிடித்த மாதிரி ஒன்றா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வரும்போது புதுசாகக் கொடுத்து அசத்திவிடலாம் என்று எண்ணி, பவானியின் புருஷன் வெற்றியிடம் கொண்டுபோனேன். காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து, சொந்தப் படகும் ஓட்டுகிறவன். "இம்மாம் சின்ன போட்டா? குட்த்துட்டுப் போ நைனா, பட்டையக் கெளப்பிடலாம்" என்றான்.

பட்டை கிளம்பியது உண்மைதான். இழைத்து, பட்டி பார்த்து, ஃபைபர் துணி சுற்றி, பசை ஊற்றி, அதன்மேல் கரும்பச்சை அடித்து, சுற்றிலும் மஞ்சள் பட்டை இழுத்திருந்தான். தண்ணீர் புகக்கூடாது என்று வயர் சொருகும் ஓட்டை உட்பட எல்லா ஓட்டையையும் அடைத்திருந்தான். உள்ளே இருந்த தாமிரத் தாளை, "பிரியாணிப் பொட்டலத் தாளு மாரி கலீஜா ஒட்டிகினு இருந்துச்சி, பிச்சிப் போட்டேன்" என்றான். கழுத்து மரம் காய்ந்து கிடக்கிறது, எண்ணெய் குடிக்க வேண்டும் என்று சுறா எண்ணெயை இரண்டு தடவை பூசியிருந்தான். முகப்பில் என் பேச்சைக் கேட்டு டோரதி என்று எழுதியவன், அதற்குக் கீழே தன் படகின் பதிவு எண்ணையும் எழுதிவைத்திருந்தான். "நம்பர் எதுக்குடா?" என்றேன். "நம்பர் இல்லாம எறக்குனா மடக்கிடுவாங்க நைனா." "இத யாருடா கடல்ல எறக்கப்போறாங்க?" "கை பயக்கம் நைனா, தானா எய்திடுச்சி." அதோடும் விடாமல் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டித்தான் என் கையில் கொடுத்தான். நான் அதையும் வாங்கிக்கொண்டு, மச்சான், சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். பச்சை நன்றாகத்தான் இருந்தது.

டோரதி சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். கட்டில் மேல் கிடந்ததைப் பார்த்து, "இது இன்னா?" என்றாள். "உன் கிட்டார்தான், புதுசாக்கிட்டேன்" என்றேன். எடுத்தாள். அம்மிக்கல்லைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டியிருந்தது. முழங்கை வைக்கும் இடத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே இப்போது மஞ்சள் பட்டை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஒத்திகை. நான் ஓடிப்போய் வெற்றியைக் கூட்டிவந்தேன். அவன் டிரில் வைத்து ஓட்டையைத் தோண்டி, "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நானே வுட்டு வெச்சிருப்பேனே" என்று என்னையே குறை சொல்லிவிட்டுப் போனான். எப்படியோ சத்தம் வந்தது. ஆனால் எண்ணெய் வாடைக்குத் தெருப் பூனைகள் வாசலில் கூடிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அவள் முன்னால் நடக்க, பூனைகள் பின்னால் நடக்க, அதற்கும் பின்னால் நான் நடந்தேன். கோயில் ஹாலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். டோரதி கண்ணை மூடி முதல் கம்பியைத் தட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆண்பிள்ளை கத்தினான்: "மாமு, கேக்குதா? எண்ணூர் பக்கம் சங்கரா மீனு கொட்டிக் கெடக்குது மாமு! யாராண்டயும் மூச்சு வுடாத!" தாமிரத் தாள் போனதால் நடுக்கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்ஸெல்லாம் கிட்டாருக்குள் புகுந்துவிட்டதாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறவர்கள் பாதிப்பேர் படகுக்காரர்கள். ஒருவர் வயிற்று வலி என்றார். ஒருவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். இரண்டாவது பாட்டுக்குள் ஹாலில் ஒரு கட்டைக் குரல்கூட மிச்சமில்லை, எல்லாம் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. ஞானம் தலையில் கை வைத்துக்கொண்டு, "டோரதிக்கா, தப்பா எட்த்துக்காதீங்க. திருவியா அன்னிக்கி இப்டி ஆனா பெரிய பேஜாரு. நீங்க எப்பயும் போல பின்னாலயே நின்னு பாடிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அழுதாள். நான் சமாதானம் சொல்லப்போனேன். "எவனோ ஒர்த்தன் வாசிச்சி வாசிச்சித் தேய்ச்ச எடம். என் கைய வெச்சா அங்கதான் போய் ஒக்காரும். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து எனக்கு ரசம் மட்டும்தான். வஞ்சிரம் வறுக்கிற வாசனை வருகிறது, தட்டுக்கு வருவதில்லை. நீலப் புடவையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துவைத்துவிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ரசமும் இறங்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று போய் அவள் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டேன் மச்சான்.

அதனால் தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ரயில்வே ஆட்களின் டான்ஸ்களில் தாங்கள் வாசித்த அந்தக் கறுப்பு கிட்டார் பெட்டிக்குள் சும்மாதானே கிடக்கிறது. சனிக்கிழமை காலைக்குள் அதை எடுத்து வந்து, தாங்களாகவே நினைத்துக் கொண்டுவந்ததுபோல் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஞானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.

தங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை இருப்பாராக. முழங்காலை மாடிப்படியில் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லவும்.

இப்படிக்கு, வாளி மேல் உட்கார்ந்து எழுதும்,
பாஸ்கல்.

பின்குறிப்பு: அண்ணா, இது டோரதி. பவானி இதை வாங்கின கையோடு என்னிடம் கொண்டுவந்துவிட்டாள். இவர் கடிதத்தைப் படித்துவிட்டு அவளும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் அழுதது நிஜம். திங்கட்கிழமையே கிட்டார் சரியாகிவிட்டது. உள்ளே புதுத் தாள் ஒட்டி, கழுத்தைச் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன். இவர் இல்லாத நேரத்தில் பவானி வீட்டில் வைத்து வாசிக்கிறேன். நேற்று ஞானம் வந்து கேட்டுவிட்டு, சனிக்கிழமைக்கு என்னையே முன்னால் நிற்கச் சொல்லிவிட்டார். புடவையை மடித்தது உள்ளே வைக்க இல்லை, அதற்கேற்ற ரவிக்கை தைக்க டெய்லரிடம் கொடுக்க. பெயின்ட் போனால் போகிறது, என் கை பட்டு அது மறுபடி தேயட்டும். இவரோடு பேசினால் சிரித்துவிடுவேன் என்றுதான் பேசாமல் இருக்கிறேன். நீயும் சொல்லிவிடாதே, சனிக்கிழமை வரை ரசம் சாப்பிடட்டும்.

உன் கிட்டாரைக் கொண்டுவர வேண்டாம். ஒன்பதாவது படிக்கும்போது ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன் என்று, பொட்டப் புள்ள கை பட்டா கம்பி துருப் பிடிக்கும் என்று சொல்லிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாய். அண்ணியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தபோது கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். பூட்டு அப்படியே தொங்குகிறது. தொங்கட்டும். நீ சனிக்கிழமை வெறுங்கையோடு வா அண்ணா. கைதட்ட இரண்டு கையும் வேண்டும்.