உன் அண்ணன் போலி என்று தள்ளிய டின் கறி

நாஹா, ஒகினாவா
செப்டம்பர் 25, 2023

அன்புள்ள ஹத்சுயேவுக்கு,

எனக்கு இன்று எண்பத்து மூன்று வயது, இரண்டு மாதம், பதினொரு நாள். இதைத் துல்லியமாகச் சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. கீழே வருவதைப் படித்துவிட்டு அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ தீர்மானிக்கக்கூடும். என் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் கூட்டிப் பார்.

சாவோ பாவ்லோவில் இப்போது வசந்தம் பிறந்திருக்கும். உன் முழங்கால், உன் மகன்கள், அவர்களுடைய பலசரக்குக் கடை எல்லாம் நலமாக இருக்க விழைகிறேன். இங்கே ஆகஸ்டில் வந்த புயல், விடைபெற்றுக்கொண்டு வாசல்வரை போன விருந்தாளி திரும்பி வந்து உட்காருவதைப்போல இரண்டாம் முறையும் வந்தது. பப்பாளி மரம் விழுந்தது, கூரை நின்றது. மரியாதைகள் இத்துடன் முடிந்தன என்று வைத்துக்கொள்.

மே மாதம் நீ எழுதிய கடிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், மறக்கக்கூடாதவை அதில் பல இருப்பதால். "அண்ணி, எங்கண்ணன் என்ன ஜெயில்லயா இருக்காரு? வாரத்துக்கு ஒரே ஒரு டின்னுன்னு அளந்து போடுறீங்களாமே! எண்பத்தெட்டு வயசு மனுஷனுக்கு வாய்க்குப் புடிச்சதைக் குடுத்தா உங்க படிப்பு கரைஞ்சா போயிடும்?" என்று கேட்டிருந்தாய். கேட்டதோடு நில்லாமல், அவருடைய எண்பத்தெட்டாம் ஆண்டு விழாவுக்கு ஒரு பெட்டி டின் கறி வாங்கி வைக்கும்படி கியோமிக்குத் தொலைபேசியில் உத்தரவும் போட்டாய். உன் தம்பி மகள் என்றாலும் உன்னிடம் அவளுக்குப் பெற்ற தாயிடம் இல்லாத பயம். இருபத்து நான்கு டின் வாங்கி வந்துவிட்டாள்.

டின் கறியைப் பற்றி என் கருத்து இந்தத் தீவில் யாருக்கும் தெரியாததல்ல. பல்கலைக்கழகத்தில் மனையியல் படித்து, முப்பத்தாறு வருடம் உயர்நிலைப் பள்ளியில் அதையே கற்பித்தவள் நான். உப்பும் கொழுப்பும் சேர்ந்து செங்கல்லாக வந்த பொருள் அது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். என் மாணவிகள் அதைக் கவனமாக எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போய், பாகற்காயோடு அதையே வதக்கித் தின்றார்கள். உன் அண்ணனைச் சொல்லவே வேண்டாம். போர் முடிந்து அமெரிக்கர்களின் முகாமில் பத்து வயதில் முதல் துண்டைத் தின்றவர். நீயும் அதே தட்டில்தான் தின்றாய், ஆனால் உனக்கு இத்தனை பக்தி வரவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் அவருக்கு இடது கை மரத்துப்போய், பேச்சு அரை நாள் குழறியது உனக்குத் தெரியும். டாக்டர் டின் கறியை அடியோடு நிறுத்தச் சொன்னதும் தெரியும். அதன் பிறகு நடந்தது தெரியாது. உன் அண்ணன் நிறுத்தினார், டின் கறியை மட்டுமல்ல, எல்லாவற்றையும். நான்கு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, சோற்றில் தேநீரை ஊற்றி இரண்டு வாய். பன்றி விலா வைத்தேன், மீன் வைத்தேன். "வை, அப்புறம் பாக்கலாம்" என்றார். எடை எட்டு கிலோ இறங்கியது. உப்பு அவரைக் கொல்லுமுன் பிடிவாதம் கொன்றுவிடும் என்று தெரிந்ததும், வாரம் ஒன்றுக்கு டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார் என்று ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நிலைநிறுத்த இரண்டாவதாக ஒன்று தேவைப்பட்டது. அது இன்றுவரை வாரந்தோறும் வேகவைக்கப்படுகிறது.

அவருக்கு டின்னைத் தன் கையாலேயே திறக்கவேண்டும். வளையத்தை இழுக்கும்போது வரும் சத்தமும், கவிழ்த்து உதறினால் கட்டி மெதுவாக வழுக்கி இறங்குவதும் இல்லாவிட்டால் அது அவருக்கு உணவே அல்ல. ஆகவே நான் டின்னின் அடிப்பக்கத்தை வெட்டுவேன். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் கழுவுவேன். கொழுப்பில்லாத பன்றி இறைச்சியை இரண்டு முறை அரைத்து, பிழிந்த தோஃபு, உருளைக்கிழங்கு மாவு, நிறத்துக்குக் கொஞ்சம் பீட்ரூட் சாறு, பெயருக்கு உப்பு எல்லாம் சேர்த்து அடைத்து, நாற்பது நிமிடம் ஆவியில் வைப்பேன். கட்டியைச் சுற்றி இருக்குமே ஒரு வழவழப்பு, அதற்குக் கடல்பாசிச் சாறு. அடிப்பக்கத்தை ஈயத்தாளால் மூடி, கூடவே வரும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிட்டால், மேல்பக்கம் கடையில் வாங்கியது வாங்கியபடி இருக்கும். முதல் வாரம் சாம்பல் நிறத்தில் வந்தது, மறைத்துவிட்டேன். இரண்டாவது, வாணலியில் கஞ்சியாயிற்று. மூன்றாவது வழுக்கி இறங்கியது. விரல் கனத்தில் வெட்டி, ஓரம் சிவக்கப் பொரித்து, முட்டையோடு வைத்தேன். தின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நோபுயே, நீ ஆயிரம் படிச்சிருக்கலாம். இந்தக் கம்பெனிக்காரன் கைப்பக்குவம் உனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது."

பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் என் சமையலை வேறொருவன் சமையலாகப் புகழ்ந்து, என்னைத் திட்டிக்கொண்டே தின்றிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன். இறங்கிய எட்டு கிலோவும் திரும்ப ஏறிவிட்டது.

இப்போது விழாவுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை அறுபது பேர் கூடியிருந்தார்கள். முறைப்படி பாத்திரத்தில் அரிசியைக் குவித்து மூங்கில் குழல்களை நட்டு, உன் அண்ணனைப் பொன்னிற அங்கியில் உட்காரவைத்திருந்தோம். கியோமி ஒரு டின்னுக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து, "பிரேசில்ல இருக்கிற அத்தையோட பரிசு" என்று அறிவித்தாள். அவர் வளையத்தை இழுத்தார், எல்லாரும் கைதட்டினார்கள். அவள் அதை அடுக்களைக்குக் கொண்டுபோய்ப் பொரித்து வந்தாள். நான் அப்போது உன் சித்தி மகளிடம் மாட்டிக்கொண்டு அவளுடைய பித்தப்பைக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்குள் தட்டு அவர் முன் போய்விட்டது. ஒரு கடி. மென்றார். நிறுத்தினார். துண்டைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு கிண்ணம் சாராயத்தைக் குடித்தார்.

"இது போலி" என்றார்.

சிரித்தார்கள். கியோமி குனிந்து, "பெரியப்பா, நீங்க திறந்த டின்னுதானே, உங்க கண்ணு முன்னாடி?" என்றாள்.

"லேபிள் நிஜம். உள்ள இருக்கிறது போலி. கடல் தண்ணியைக் கெட்டியாக்கி வச்சிருக்கான். எழுபத்தெட்டு வருஷமா திங்கிறேன், எங்கிட்டயேவா?"

இன்னொரு டின்னைத் திறந்தார்கள். அதுவும் போலி. மூன்றாவதும் போலி. அதற்குள் அறையில் யாரும் சிரிக்கவில்லை. உன் அண்ணன் அங்கியோடு எழுந்து நின்று, கம்பெனி நாட்டை ஏமாற்றுகிறது என்று ஒரு சொற்பொழிவு செய்துவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார்: "நீதான் படிச்சவளாச்சே. பேப்பருக்கு எழுது! நாளைக்கே போகணும்."

அடுக்களையில் கியோமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெரியம்மா, மறதி நோய்க்கு ருசி தெரியாமப் போறதுதான் முதல் அறிகுறியாம், டிவில டாக்டர் சொன்னாரு. ஞாபக சோதனைக்கு மருத்துவமனையில தேதி வாங்கிட்டேன், அக்டோபர் முப்பது. எங்க வீட்டுக்காரரு வேற வடக்கே ஒரு முதியோர் விடுதி பார்த்து வச்சிருக்காரு. ரெண்டு மாசம் இருக்கட்டுமே, ஜன்னல்ல கடல் தெரியுதாம்." கடல் தெரியாத ஜன்னல் இந்தத் தீவில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவளுடைய கணவன் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேற்று வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் மெல்லிய குரலில், "பெரியப்பா, இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டான். "நீ என் மூளையை வேவு பாக்க வந்திருக்கிற தேதி" என்றார் அவர். அதை அவன் தவறான விடை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டான்.

ஹத்சுயே, அந்த அறையில் இருந்த அறுபது பேரில் ருசி அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மூளைக்கு ஒன்றுமில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை, பெயர்தான் இடம் மாறிவிட்டது. இதை நான் கியோமியிடம் சொன்னால் அன்று சாயங்காலமே அவர் காதுக்குப் போய்விடும். மனைவி செய்தது என்று தெரிந்த நாளிலேயே அதில் குறை கண்டுபிடிப்பார், ஐம்பத்தொன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். பிறகு சுவர், தேநீர் ஊற்றிய சோறு. இந்த வயதில் எட்டு கிலோ இறங்கினால் திரும்ப ஏறாது. சொல்லாவிட்டால் முப்பதாம் தேதி கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வடக்கு விடுதியில் அவருக்கு டின்னைத் திறந்தே கொடுப்பார்கள். அங்கே அவர் ஒரு மாதம் தாங்கமாட்டார். அவரில்லாத ஞாயிற்றுக்கிழமையில் என்னைத் திட்டுவதற்கு ஆளும் இருக்காது. இதை இதற்கு மேல் விளக்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே நீ கியோமியைக் கூப்பிட்டு மருத்துவமனையும் வேண்டாம், கடல் தெரியும் ஜன்னலும் வேண்டாம் என்று சொல். காரணம் சொல்லாதே. நீ சொல்லும் காரணத்தை இந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை, உன் குரலைக் கேட்டுத்தான் அடங்கியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் தொலைபேசி வேண்டாம். எங்கள் கருவி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீ பேசினால் அவருக்குக் காதுக்கருவியே தேவைப்படாது. விரைவுத் தபாலில் எழுது. நீ மே மாதம் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை, ஒரு வரி போதும்.

பத்திரிகைக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நல்ல நடையில் அமைந்துவிட்டது, என் பெட்டியில் இருக்கிறது. தபாலில் போட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லையே என்று தினமும் கேட்கிறார், பத்திரிகைகளும் விலைபோய்விட்டன என்று முடிவு செய்திருக்கிறார்.

உன் பிள்ளைகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். அவர்களுக்குக் காய்கறி கொடு. உன் கணவரின் படத்துக்கு முன் என் சார்பில் ஒரு ஊதுபத்தி ஏற்று. நீயும் நானும் இன்னும் சில வருடம் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு நலமாக இருப்போமாக.

இப்படிக்கு,
உன் அண்ணி
நோபுயே

பின்குறிப்பு: நீ எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல, ஆகவே கேட்பாய். வாரம் ஒரு புது டின்னின் அடியை வெட்டி எடுத்ததெல்லாம் எங்கே போயிற்று என்று. உணவை வீசியெறியும் பழக்கம் நம் தலைமுறைக்குக் கிடையாது. முதல் வருடம் அடுக்களையில் நின்றபடி, மருந்தை விழுங்குவதுபோலத் தின்றேன். இரண்டாம் வருடம் உட்கார்ந்துகொண்டேன். மூன்றாம் வருடத்திலிருந்து முட்டை சேர்த்துக்கொள்கிறேன், இப்போது வெங்காயமும் பாகற்காயும். சனிக்கிழமை அவர் குளிக்கப் போனதும் கதவைச் சாத்திவிடுவேன். விழாவில் மிஞ்சிய இருபத்தோரு டின்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கியோமி வந்தாள், நான் தரவில்லை. என் ரத்த அழுத்தம் இப்போது உன் அண்ணனுடையதைவிட அதிகம். நான் செய்வதில் கொஞ்சம் மாவு வாடை உண்டு, ஹத்சுயே. கம்பெனிக்காரன் செய்வதுதான் ருசி.